பெட்டிக்குள் இருந்த பிழைப்பு

“கோலம் போட்டால் சோறு வெந்துவிடுமா?”

நம் வீடுகளில் இந்தக் கேள்வி காதில் விழாமல் வளர்ந்த பெண் குழந்தை அபூர்வம். வாசலில் இருபத்தொரு புள்ளி வைத்து, ஒரு புள்ளிகூடத் தப்பாமல் சிக்குக் கோலம் இழுத்துவிட்டு நிமிர்கிறாள் ஒரு பெண். எதிர்வீட்டு மாமி “அடடா!” என்கிறாள். பெற்ற தாயோ, “போதும், உள்ளே வா, பாடத்தைப் படி” என்கிறாள். பெண்ணும் படிக்கிறாள். பரீட்சை எழுதுகிறாள். பிறகு ஏதோ ஒரு காரியாலயத்தில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, யாரோ எழுதி வைத்த கணக்கை வேறு யாரோ பார்ப்பதற்காகச் சரிபார்க்கிறாள். விரலிலிருந்த வித்தை மார்கழி மாதத்துக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

வித்தை வேறு, உத்தியோகம் வேறு என்று நாம் பிரித்து வைத்து வெகு காலமாகிறது. வித்தை மனத்துக்கு, உத்தியோகம் வயிற்றுக்கு என்பது நமது சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தைப் பொய்யாக்கிய சில ஸ்திரீகளைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம். அவர்கள் பெரிய பட்டணத்தில் இருப்பவர்கள் அல்லர்; தர்மபுரி ஜில்லாவின் மலை மூலையில் இருப்பவர்கள். எந்த வேலைக்கும் அவர்கள் மனுப் போடவில்லை. அதைவிட விசித்திரம், தங்கள் குலத்துக்கு இப்படியொரு வித்தை உண்டு என்பதையே அவர்களில் பலர் மறந்திருந்தார்கள்.

மலைகளுக்கு நடுவே

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு வரும். ஒரு பக்கம் கல்வராயன் மலை, மற்றொரு பக்கம் சித்தேரி மலை. நடுவே மானாவாரி நிலங்களும் சிறு சிறு கிராமங்களுமாகக் கிடக்கிறது அந்தப் பிரதேசம். அங்கே பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுவிட்டு நேயர்கள் கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் மலையை ஆளுகிறவர்கள், பேசுவது தமிழ். இவர்களோடு லம்பாடிகளும் தங்கள் ‘தாண்டா’க்களில் வாழ்கிறார்கள். தாண்டா என்பது லம்பாடிகளின் குடியிருப்புக்குப் பெயர்.

1992-ஆம் ஆண்டில் இந்தப் பள்ளத்தாக்குக்கு இளம் வைத்தியத் தம்பதிகள் இருவர் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜ் மயக்க மருந்து நிபுணர். டாக்டர் லலிதா ரெஜி பிரசவ வைத்தியர். காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. அந்நாளில் சிட்லிங்கியில் ஒருவருக்கு உடம்புக்கு வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கடந்து அரூருக்கு வர வேண்டும். பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணாமலே இறந்துபோயின என்று கணக்கெடுத்தார்கள். மண் சுவரும் கூரையுமான ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பமாயிற்று. ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்னும் ஸ்தாபனமாக அது வளர்ந்து, குடிசை இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுந்தது.

எதிர்பாராத உத்தியோகம் என்னும் விஷயம் இந்த ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிட்டது. பட்டணத்திலிருந்து தாதிகள் இந்தக் காட்டுக்கு வருவார்களா? வர மாட்டார்கள். ஆகவே வைத்தியத் தம்பதிகள் அந்த ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். அதிகம் பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பிரசவம் பார்க்கவும், ஆபரேஷன் அறையில் கூட நிற்கவும், கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளை எடை போடவும் கற்றுக்கொண்டார்கள். களை பறித்த கை நாடி பார்த்தது.

ஆனால் மருந்தினால் மட்டும் ஆரோக்கியம் வந்துவிடுவதில்லை என்பதை வைத்தியர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். மழை பொய்த்தால் ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். கரும்பு வெட்டவும், திருப்பூர் ஆலைகளுக்கும், அயல் ராஜ்யங்களுக்கும் போனார்கள். போகிறவர்களோடு குழந்தைகளின் படிப்பும் போயிற்று. ஊரில் விட்டுப் போன கிழவர்களின் சாப்பாடும் போயிற்று. நோயின் வேர் வயிற்றுப் பிழைப்பில் இருந்தது. ஆகவே இயற்கை உரம் கொண்டு பயிர் செய்யும் விவசாயிகளின் சங்கம் ஒன்று உண்டாயிற்று. லம்பாடிப் பெண்களுக்கு என்ன வழி என்ற யோசனையும் பிறந்தது.

மாடுகளின் பின்னே வந்தவர்கள்

லம்பாடிகள் யார் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு கதை விளங்கும். பாரத தேசத்தில் ரயில் வண்டி வருவதற்கு முன்னால், உப்பையும் தானியத்தையும் ஆயிரக்கணக்கான பொதி மாடுகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு தேசத்தின் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரக் கூட்டத்தார் இவர்கள். பஞ்சாரா, லம்பானி, சுகாலி என்று இடத்துக்கொரு பெயர். பேசும் பாஷை ராஜஸ்தானத்துப் பாஷைகளுக்கு உறவு. அதற்குத் தனி லிபி கிடையாது. மொகலாயப் படைகளுக்கும் இவர்களே தானியம் சுமந்தார்கள். 1791, 1792 ஆண்டுகளில் காரன்வாலிஸ் பிரபு திப்பு சுல்தான்மீது படையெடுத்தபோதும், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோதும் கம்பெனிப் படையின் வயிற்றை நிரப்பியவை இவர்களுடைய மாடுகள்தாம். இன்றைய தர்மபுரிச் சீமை அந்நாளில் பாராமகால் என்று பெயர் பெற்றிருந்தது. 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்த நாடுகளில் அதுவும் ஒன்று.

பிறகு ரயில் வந்தது. 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. ரயில் ஒரு நாளில் சுமப்பதை மாடு எத்தனை மாதம் சுமக்கும்? உப்பு வியாபாரம் முன்னமே சர்க்காரின் ஏகபோகமாகிவிட்டது. தொழில் போன லம்பாடிகள் விறகு வெட்டியும் கூலி வேலை செய்தும் ஆங்காங்கே தங்கினார்கள். நாடோடிக் கூட்டங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட 1871-ஆம் வருஷத்துச் சட்டம் வேறு வந்து சேர்ந்தது. சுதந்திரம் வந்து ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1952-இல்தான் அது தேசம் முழுவதும் ஒழிந்தது.

இத்தனை அலைச்சலிலும் அந்தப் பெண்கள் கைவிடாத ஒன்று இருந்தது. அதுதான் அவர்களுடைய பூத்தையல். பாவாடை, ரவிக்கை, முக்காடு ஆகிய மூன்றிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நூல்களால் நெருக்கமாகத் தைத்து, கண்ணாடிச் சில்லும் சோழியும் காசும் பதித்த உடை அது. தாய் தன் பெண்ணின் கலியாணத்துக்காக வருஷக்கணக்கில் அதைத் தைப்பாள். நிலமில்லாத ஜாதிக்கு அந்தத் துணிதான் சொத்து. லிபியில்லாத பாஷைக்கு அதுவே ஏடு என்றும் சொல்லலாம்.

சிட்லிங்கியில் அந்த ஏடும் மூடிவிட்டது. லம்பாடிப் பெண்கள் மற்றவர்களைப் போலப் புடவை உடுத்தத் தொடங்கினார்கள். கண்ணாடி பதித்த உடையோடு கூலி வேலைக்குப் போனால் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். வேற்று ஜாதி என்று ஒதுக்குகிறார்கள். வெயிலில் அந்தக் கனமும் சுமக்க முடிவதில்லை. உடை பெட்டிக்குள் போயிற்று. உடை போனபின் தைப்பானேன்? ஏறத்தாழ இரண்டு தலைமுறைகள் ஊசி தொடாமலே வளர்ந்துவிட்டன.

இரண்டு மூதாட்டிகள்

டாக்டர் லலிதாவும் அவரோடு இருந்தவர்களும் இந்த வித்தையைத் தேடிப் புறப்பட்டபோது, அது தெரிந்தவர்கள் என்று அகப்பட்டவர்கள் முதிய பெண்மணிகள் இருவர்தாம். இரண்டே பேர்! அவர்களும் காலமாகியிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கில் இந்தக் கலைக்குத் திவசம் கொடுக்கக்கூட ஆள் இராது.

பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன. மடிப்பில் இற்றுப்போன பாவாடைகளும் ரவிக்கைகளும் வெளியே வந்தன. அவையே பாடப் புஸ்தகம், மூதாட்டிகளே உபாத்தியாயினிகள். இளம் பெண்கள் சிலர் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்தத் தையலில் மாதிரி வரைந்து வைத்து அதன்மேல் ஊசி ஓட்டும் வழக்கம் குறைவு. பல தையல்கள் துணியின் இழைகளை எண்ணிப் போடப்படுபவை. ஓர் இழை பிசகினால் சதுரம் கோணிக்கொள்ளும். பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டியதுதான். கோலத்தில் புள்ளி தப்பிய கதைதான் இதுவும். அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை. கண்ணும் விரலும் சேர்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்விதம் 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் உருவானது ‘போர்கை’ கைவினைஞர் சங்கம். லம்பாடி பாஷையில் போர்கை என்றால் பெருமிதம் என்று பொருள். எந்த உடையை வெட்கப்பட்டுப் பெட்டிக்குள் வைத்தார்களோ, அந்த உடையின் தையலுக்கே பெருமிதம் என்று பெயர் வைத்தார்கள். விரல்விட்டு எண்ணும்படி ஆரம்பித்த சங்கம், பின்னாளில் ஏறக்குறைய 60 பெண்களைக் கொண்டதாயிற்று. இயற்கை முறையில் விளைந்த பருத்தியும், கைத்தறித் துணியும், தாவரச் சாயமும் தையலுக்குத் துணை நின்றன. புடவை, சட்டை, பை, மெத்தையுறை, சுவரில் மாட்டும் சித்திரத் துணி என்று பற்பல உருவங்களில் அந்தத் தையல் பட்டணத்துக் கண்காட்சிகளுக்குப் பிரயாணம் செய்தது.

இந்த உத்தியோகத்தில் ஒரு சௌகரியம், பெண்கள் ஊரை விட்டுப் போக வேண்டுவதில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போது நாலு தையல், குழந்தை தூங்கும்போது பத்துத் தையல் என்று வீட்டுத் திண்ணையிலேயே வேலை நடக்கும். கரும்புக் காட்டில் கிடைத்த கூலி கையிலிருந்து போவதற்குள் உடம்பிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும். இந்தக் கூலி அப்படியல்ல.

கூலியா, கலையா?

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அதை மூடி மறைப்பது நியாயமன்று.

முன்னே தாய் தைத்தது மகளுக்காக. யார் உடுத்தப் போகிறாள், அவள் உயரம் என்ன, அவளுக்குப் பிடித்த வர்ணம் என்ன என்று தைக்கிறவளுக்குத் தெரியும். இப்போது தைப்பது முகம் தெரியாத ஒருவருக்காக. பட்டணத்தார் ருசி பருவத்துக்கொரு தரம் மாறுகிறது. ஒரு காலம் பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்பார்கள். மறு காலம் சாம்பல் வர்ணம் வேண்டும் என்பார்கள். கண்ணாடிச் சில்லு வேண்டாம், சலவைக்கு ஆகாது என்பார்கள். இப்படியெல்லாம் மாறினால் அது லம்பாடித் தையல்தானா? அல்லது வேறொருவர் போட்ட கணக்குக்கு ஊசி ஓட்டும் கூலி வேலைதானா?

கேள்வி சிட்லிங்கிக்கு மட்டும் உரியதல்ல. கர்நாடகத்தில் சந்தூரைச் சுற்றியுள்ள லம்பாணிப் பெண்களின் தையலுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிலன், வேலே, மக்கி, ரேலோ, நக்ரா என்று அங்கே 14 வகைத் தையல்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். 2023-இல் ஜி-20 நாடுகளின் பிரதிநிதிகள் ஹம்பியில் கூடியபோது, 450-க்கு மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 வேலைப்பாடுகளை ஒரே இடத்தில் வைத்துக் கின்னஸ் புஸ்தகத்தில் இடம் பெற்றார்கள். கௌரவம் வந்தது, சந்தோஷம். ஆனால் குறியீட்டுப் பத்திரம் தைக்கத் தெரியாது. இயந்திரத்தில் அச்சடித்த போலித் துணி கடைத் தெருவில் கால் விலைக்குத் தொங்கும்போது, வாங்க வந்தவர் நின்று பார்த்து வித்தியாசம் கண்டால்தான் உண்டு.

இந்த விஷயத்தில் நமக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு வேலை ஒருவருடைய கற்பனைக்கு ஏற்ற வேலையா என்பதைச் சம்பளத் தொகையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது; அந்த வேலையில் ‘இது இப்படி இருக்கட்டும்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். துணியின் அளவையும் வர்ணத்தையும் பட்டணம் சொல்லலாம். எந்த முக்கோணத்துக்குப் பக்கத்தில் எந்தச் சதுரம் என்பதைத் தைக்கிறவள் நிர்ணயித்தால் அது கலை. அதையும் வேறொருவர் நிர்ணயித்துவிட்டால் அவளுக்கும் தையல் யந்திரத்துக்கும் வேற்றுமை, யந்திரம் கூலி கேட்பதில்லை என்பதுதான்.

இதே பழைய சேலம் ஜில்லாவில் வேறொரு முயற்சி நடந்ததை நேயர்கள் அறிவார்கள். (தர்மபுரி 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று.) 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்து, சுற்றுப்புறக் கிராமத்து ஏழைகளின் கையில் ராட்டினத்தைக் கொடுத்தார். வேலையற்றுக் கிடந்த கைக்கு ஒரு வேலை என்பது அதன் தத்துவம். சிட்லிங்கியின் முயற்சி அதற்கு ஒரு படி அடுத்தது. இங்கே வேலையை வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவில்லை. கையில் ஏற்கெனவே இருந்த வேலையை நினைவூட்டினார்கள்.

இதனால் பள்ளத்தாக்கின் வறுமை ஒழிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். 60 பேர் என்பது சிறிய தொகை. தைத்தது விற்றால்தான் பணம். 2020-இல் கொள்ளை நோய் வந்து தேசமெங்கும் கண்காட்சிகள் நின்றபோது, கைத்தொழிலாளர் எத்தனை பேர் முடித்த வேலையை மடியில் வைத்துக்கொண்டு வாங்குவோர் வருவாரா என்று காத்திருந்தார்கள்! கண் பார்வை குன்றினால் இந்த வேலையும் குன்றும். படித்துவிட்டு வரும் அடுத்த தலைமுறைப் பெண்கள் ஊசியைத் தொடுவார்களா என்பதும் அவர்கள் இஷ்டம். தொட வேண்டும் என்று வற்புறுத்த நாம் யார்? ஆனால் தொட விரும்பும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. இரண்டே மூதாட்டிகள் இருந்த நாளோடு ஒப்பிட்டால் அதுவே பெரிது.

நம் வீட்டுப் பெட்டி

இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது?

ஓர் உத்தியோகம் எதிர்பாராமல் வந்து மனத்துக்கும் பிடித்துப்போயிற்று என்றால் அதிர்ஷ்டம் என்கிறோம். சிட்லிங்கியில் நடந்ததைப் பார்த்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு சொற்பம் என்று தெரிகிறது. தெரிந்த இருவர் மறக்காமல் வைத்திருந்தார்கள். ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டார். கற்றுக்கொள்ளும் வரையில் பொறுத்துக்கொள்ளச் சிலர் இருந்தார்கள். தைத்ததை விற்றுத் தர ஒரு சங்கம் ஏற்பட்டது. இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தப் பாவாடைகள் பெட்டியிலேயே மக்கியிருக்கும்.

நம் வீடுகளிலும் பெட்டிகள் உண்டு. பாட்டி போட்ட பூவேலைத் தலையணையுறை, அத்தை பின்னிய கூடை, தாத்தா செய்த மரப் பொம்மை எல்லாம் பரண்மேல் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர் நம்மோடு இருக்கும்போதே, “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று ஒரு நாள் கேட்டு வையுங்கள். கோலம் போடும் பெண்ணிடம் சோறு வேகுமா என்று கேட்பதற்கு முன்னால், “இந்தக் கம்பி எப்படித் திரும்பிற்று?” என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கண்காட்சியில் கைத்தையல் துணியைக் கண்டால், விலையைக் கேட்கும் முன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைப் போலியாக அச்சடித்துவிடலாம். இழையை எண்ணி நகர்ந்த ஊசியின் தடம் பின்பக்கத்தில் இருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு பேரம் பேச நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்?